காற்றுக்குக் காசில்லை

சித்தி கடை திறக்கக் காரணமாக இருந்தது ஒரு தகரப் பலகை. அது அவருடையதுகூட இல்லை, பெட்ரோல் பங்க்கினுடையது. ‘காற்று இயந்திரம் பழுது’ என்று எழுதி, இயந்திரத்தின் கழுத்தில் கம்பியால் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். இயந்திரம் எப்போது பழுதானது என்று அங்கே யாருக்கும் நினைவில்லை. பலகைக்கு மட்டும் எழுத்து மங்கியபோதெல்லாம் புதிதாகப் பெயின்ட் அடித்தார்கள்.

அந்தப் பங்க்கில் சித்தி அப்போது பெட்ரோல் போடும் வேலையில் இருந்தார். “ஜீரோ பாத்துக்குங்க” என்று அவர் சொல்லி முடிப்பதற்குள், வண்டியில் இருப்பவர்களில் பாதிப்பேர் “காத்து இருக்கா?” என்று கேட்பார்கள். “பழுதுங்க” என்பார் சித்தி. கேட்டவர் டயரை ஒரு முறை காலால் உதைத்துப் பார்த்துவிட்டுப் போய்விடுவார். நாள் முழுக்க இதே பேச்சு.

“இல்ல, இல்லன்னு சொல்றதுக்கே எனக்கு ஒரு சம்பளம். இருக்குன்னு சொன்னா என்ன ஆகும்னு பாத்துரலாம்னு தோணிச்சு” என்பார், கடை வந்த கதையை யாராவது கேட்டால்.

பங்க்கின் மதிலுக்கு வெளியே, மதிலையே ஒரு சுவராக வைத்து எழுப்பிய பழைய கொட்டகை ஒன்று பூட்டிக் கிடந்தது. அதை வாடகைக்கு எடுத்தார். ஊருக்கு மறுகோடியில் இருந்த ஒரு பஞ்சர் கடையில் சில மாதங்கள் கூடமாட நின்று வேலை பழகினார். கைமாறிக் கைமாறி வந்த ஒரு கம்ப்ரசரை வாங்கிப் போட்டார். அந்தக் கம்ப்ரசருக்கு ‘மாமனார்’ என்று பெயர் வைத்ததும் அவர்தான். காலையில் எழுப்பினால் நெடுநேரம் இருமும். எழுந்த பிறகு சாயங்காலம் வரை முணுமுணுத்துக்கொண்டே இருக்கும். கொஞ்சம் கவனிக்காமல் விட்டால் மூடியைத் தூக்கி எறியும்.

“எங்கப்பாவ எதுக்குடி இழுக்கிற?” என்று சித்தப்பா கேட்பார்.

“உங்கப்பாவாச்சும் சொன்னாக் கேப்பாரு.”

சித்தப்பா பள்ளி வேன் ஓட்டுகிறார். பிள்ளைகளை இறக்கிவிட்டு, மதியம் கடைக்கு வந்து சாப்பிடுவார். நான் அவர்கள் வீட்டு மாடியறையில் தங்கி, ஓர் அரசு அலுவலகத்தின் மொழிபெயர்ப்புப் பிரிவுக்கு வேலைக்குப் போகிறேன். சித்தி என் அம்மாவின் தங்கை. குள்ளமான உடம்பு, தெருமுனை வரை கேட்கும் குரல். புடவைமேல் சித்தப்பாவின் பழைய சட்டை ஒன்றைப் போட்டுக்கொள்வார். எவ்வளவு சோப்புப் போட்டாலும் நகக்கண்ணில் ஒரு கறுப்பு இருக்கும். கல்யாண வீடுகளில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பார். கடையில் அந்தக் கூச்சமே கிடையாது. வருகிற எல்லாருக்கும் அவர் ‘காத்தக்கா’. தலை முழுக்க நரைத்த பால்வண்டிக்காரரும் அப்படித்தான் கூப்பிடுவார்.

சித்தப்பாவின் அக்காவுக்கு மட்டும் இந்தக் கடை பிடிக்கவில்லை. அவர் எனக்கு அத்தை முறை. மருந்து பொட்டலம் கட்டும் தொழிற்சாலை ஒன்றில் மேற்பார்வையாளர். தம்பி பெண்டாட்டி நடுரோட்டில் குத்தவைத்து அந்நிய ஆம்பளைகளின் வண்டிக்குக் காற்றடிக்கிறாள் என்பது அவருக்கு ஆறாத புண்.

அந்தச் சட்டம் வந்த சேதியை முதலில் கேட்டது சித்தப்பாதான். இரவு வீட்டில் சாப்பிட்டபடியே தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தார். வண்டிகளுக்குக் காற்று இனிமேல் இலவசம், காசு கேட்டால் அபராதம், உரிமமும் ரத்தாகும் என்று செய்தியில் சொன்னார்கள். அவ்வளவுதான் சொன்னார்கள். அடுத்து மழை நிலவரத்துக்குப் போய்விட்டார்கள்.

“ஏய், இங்க வா. உன் கடையப் பத்திச் சொல்றான்.”

“என் கடையப் பத்தி டிவியில ஏன் சொல்றான்? நான் என்ன பேங்கையா கொள்ளையடிச்சேன்?”

சித்தப்பா கேட்டதைச் சொன்னார். சித்தி கையிலிருந்த கரண்டியோடு அப்படியே நின்றார். “காத்துக்குக் கூடவா சட்டம்?” என்றார். கொஞ்சம் கழித்து, “எல்லாருக்குமா?” என்றார்.

“சட்டம்னா எல்லாருக்கும்தானே. உனக்கு மட்டும் தனியா ஒண்ணு போடுவானா?”

மறுநாள் காலை சித்தி கடைக்குப் போய் முதல் வேலையாக, சிலேட்டில் சாக்பீஸால் எழுதியிருந்த காற்றுக் கட்டணத்தை ஈரத்துணியால் துடைத்தார். அதே இடத்தில் ‘காற்றுக்குக் காசில்லை’ என்று எழுதினார். அவருக்கு உரிமம் என்று இருந்தது ஒன்றே ஒன்று. அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியிருந்தார். எழுதி முடித்து அதையும் ஒரு பார்வை பார்த்துக்கொண்டாராம்.

அதே வாரத்தில் பங்க்கிலும் பலகை இறங்கியது. கழுத்துக் கம்பியை அறுத்து, பழைய இயந்திரத்தைத் தூக்கி எறிந்துவிட்டு, சிவப்பு நிறத்தில் புதிதாக ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார்கள். மேனேஜர் மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து சித்தியின் சிலேட்டைப் படித்தார். முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார். முன்பெல்லாம் பங்க்குக்கு டீ வந்தால் மதில்மேல் சித்திக்கும் ஒரு கப் வைத்துவிட்டுப் போகிறவர், அன்றிலிருந்து அந்தப் பக்கமே வருவதில்லை.

“மூஞ்சியத் தூக்கி வெச்சிக்கிட்டுத் திரியறாரு. சட்டம் போட்டவன் எவனோ. நான் என்ன பண்ணுவேன்?” என்று சித்தி சித்தப்பாவிடம் வருத்தப்பட்டார்.

சிலேட்டை நானும் பார்த்தேன். பங்க்கோடு போட்டி போடுகிறார் என்று நினைத்துக்கொண்டு பேசாமல் இருந்துவிட்டேன். மேனேஜரும் அப்படியேதான் நினைத்திருக்கிறார். சித்தி சட்டத்துக்குப் பயந்து துடைத்தார் என்பது எங்கள் இருவருக்குமே தோன்றவில்லை.

கடையின் தினசரி வருமானம் காற்றில்தான் இருந்தது. பஞ்சர் என்பது வந்தால் வரும். ஆகவே அத்தை அடுத்த ஞாயிற்றுக்கிழமையே வீட்டில் வந்து இறங்கிவிட்டார். அன்று நான் வீட்டில் இல்லை, நடந்ததைப் பிற்பாடுதான் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

“காத்த வித்த குடும்பம்னு பேரு வாங்கினது போதாதா? இப்போ தானம் வேற பண்ண ஆரம்பிச்சிட்டியாமே.”

“சட்டம் அண்ணி. நான் என்ன ஆசப்பட்டா பண்றேன்?”

“அதான் சட்டமே சொல்லிருச்சுல்ல, மூடிட்டு வா. எங்க பேக்கிங்ல ஒரு இடம் காலியாகுது. உக்காந்த வேலை. குளுகுளுன்னு ரூம். தலைக்கு வலைத்தொப்பி குடுப்பாங்க. நகமெல்லாம் வெளுத்துரும்.”

சித்தி தன் கையைப் பார்த்துக்கொண்டார். சித்தப்பா, “அக்கா சொல்றதும் சரிதான்” என்று தட்டைப் பார்த்துச் சொன்னார்.

“மழைக்காலம் முடியட்டும் அண்ணி. அதுவரைக்கும் பாக்கறேன். தேறலன்னா நானே வந்து தொப்பியப் போட்டுக்கறேன்.”

“மழை முடிஞ்ச மறுநாள் வருவேன். அதுக்கு மேல அந்த இடத்தப் பிடிச்சு வெக்க முடியாது.”

அத்தை கேலி பேசினாலும் சொன்ன வாக்குத் தவறாதவர். அது சித்திக்கும் தெரியும்.

முதல் சில நாட்கள் மோசமாகத்தான் இருந்தன. அதன்பிறகு கூட்டம் வரத் தொடங்கியது. காரணம் பங்க்கின் சிவப்பு இயந்திரம். அதை ஒரு மூலையில், கழிப்பறைக்குப் போகும் வழியில் வைத்திருந்தார்கள். குழாய் முன் டயரை எட்டினால் பின் டயரை எட்டாது. வண்டியைத் திருப்பி நிறுத்த வேண்டும். திருப்பினால் பெட்ரோலுக்கு நிற்கும் வரிசை மறிக்கும், பின்னால் இருப்பவர் ஹாரன் அடிப்பார். எவ்வளவு காற்று வேண்டும் என்ற எண்ணை நாமே அழுத்தி, குனிந்து, மூடியைக் கழற்றி, குழாயை நாமே மாட்ட வேண்டும். இயந்திரம் இருக்க வேண்டும் என்றது சட்டம். பக்கத்தில் ஓர் ஆள் நிற்க வேண்டும் என்று சொல்லவில்லை. சட்டை கசங்காமல் காற்றுப் பிடிக்க நினைத்தவர்கள் எல்லாரும் மதிலைச் சுற்றிக்கொண்டு சித்தியிடம் வந்தார்கள்.

“அங்கயும் சும்மாதான?” என்பார் சித்தி.

“அங்க குனியணும் அக்கா.”

“அப்போ என் முதுகு என்ன வாடகை முதுகா?” என்று சொல்லிக்கொண்டே குனிவார்.

நான் விடுமுறை நாட்களில் மதியச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுப்பேன். மழை தொடங்கி இரண்டாவது வாரத்தில் போனபோது கடை வாசலில் வரிசை நின்றது. சித்தி பால்வண்டிக்காரரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தார்.

“முந்தாநேத்துதான இந்தச் சக்கரத்துக்குப் போட்டேன்?”

“ஆமா அக்கா.”

“நேத்தும் போட்டேன்.”

“சும்மாதானேன்னு வந்தேன்.”

“நல்லா வந்தீங்க. தினமும் எங்க போகுது நான் வெக்கிற காத்து? நீங்க குடிச்சிர்றீங்களா?”

“டயருன்னா கொஞ்சம் எறங்கும்தான். எனக்கு வருஷக்கணக்கா எறங்குது.”

“வருஷக்கணக்காவா! வண்டிய ஓரங்கட்டுங்க.”

சக்கரத்தைக் கழற்றி, டியூபை உருவி, தண்ணீர்த் தொட்டியில் முக்கித் திருகினார். ஓரிடத்திலிருந்து மெல்ல, ஒவ்வொன்றாக, கடுகளவுக் குமிழிகள் வந்தன. பால்வண்டிக்காரர் குனிந்து வெகுநேரம் அதைப் பார்த்தார். காசு கொடுத்துக் காற்றடித்த காலத்தில் டயர் தரையில் படிந்த பிறகே ஏதாவதொரு கடையில் நிறுத்துவார், ஒவ்வொரு முறையும் வேறு கடை, வேறு ஆள். ஒரே கை ஒரே சக்கரத்தைத் தினமும் தொட்டபோதுதான் அந்த ஓட்டை பிடிபட்டது. ஒட்டுப் போட்டார்கள். அதற்கு அவர் காசு கொடுத்தார்.

அவர் ஒருவர் மட்டுமில்லை. சும்மா கிடைக்கிறதென்று, டயர் கொஞ்சம் மெத்தென்று இருந்தாலே வந்துவிட்டார்கள். ஒருவருக்கு டயரில் ஆணி இருந்தது. ஒருவருக்கு வால்வு தளர்ந்திருந்தது. இன்னொருவரின் டயர் குழந்தையின் கன்னம்போல வழுவழுப்பாக இருந்தது. மழைத் தண்ணீரும் தன் பங்குக்குத் தெருவில் கிடந்த ஆணிகளையெல்லாம் ஓரத்துக்கு ஒதுக்கி வைத்திருந்தது. சித்திக்கு அந்தக் கடை திறந்ததிலிருந்து இப்படி வேலை இருந்ததில்லை. சித்தப்பா மதியம் சாப்பிட வந்தால் சாப்பாட்டுக்கு முன்னால் ஜாக்கி பிடிக்க வேண்டியிருந்தது.

அந்தச் சமயத்தில்தான் சட்டத்தின் ஆணை எங்கள் பிரிவுக்கு மொழிபெயர்ப்புக்கு வந்தது. எல்லாப் பங்க்குகளிலும் இரண்டு மொழிகளிலும் ஒட்ட வேண்டுமாம். முதல் பத்தியிலேயே இருந்தது: எரிபொருள் விற்கும் நிலையங்களுக்கு மட்டும். மறுபடியும் படித்தேன். பஞ்சர் கடை என்ற சொல்லே அதில் எங்கும் இல்லை. செய்தி வந்த மறுநாளே சித்தி சிலேட்டைத் துடைத்தது நினைவுக்கு வந்தது. தொலைக்காட்சியில் என்னதான் சொன்னார்கள் என்று சித்தப்பாவுக்குப் போன் போட்டுக் கேட்டபோதுதான் எனக்கு விஷயம் விளங்கியது.

வேலை முடிந்ததும் நேரே கடைக்குப் போனேன். ஒரு வேனுக்கு அடியிலிருந்து சித்தியின் கால்கள் மட்டும் தெரிந்தன.

“சித்தி, அந்தச் சட்டம் உங்களுக்கு இல்ல.”

“எந்தச் சட்டம் பாப்பா?”

“காத்து. பெட்ரோல் விக்கிறவங்களுக்கு மட்டும்தான். நீங்க காசு வாங்கலாம். எப்பவுமே வாங்கியிருக்கலாம்.”

கால்கள் அசையவில்லை. வரிசையில் நின்ற பால்வண்டிக்காரரும் மற்றவர்களும் என் பக்கம் திரும்பினார்கள். “நல்லாப் படிச்சியா?” என்று அடியிலிருந்து குரல் வந்தது.

“மொழிபெயர்த்ததே நான்தான்.”

முதலில் கால்கள்தான் குலுங்கின. அப்புறம் சிரிப்புச் சத்தம் கேட்டது. வெளியே வந்து, மண்ணில் உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். “எவனோ எவனுக்கோ போட்ட சட்டத்துக்கு நான் அடங்கி நடந்திருக்கேன் பாரு!”

“அப்போ நாளைலேருந்து எங்களுக்குக் காசா அக்கா?” என்று பால்வண்டிக்காரர் கவலையோடு கேட்டார்.

“இருங்க, நான் இன்னும் சிரிச்சு முடிக்கல.”

வீட்டில் அது சிரிப்பாக இல்லை. “விடிஞ்சதும் ரேட்டை எழுதிரு” என்றார் சித்தப்பா. சித்தி பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தார்.

“என்ன யோசனை?”

“காசு வாங்குனப்ப, டயர் செத்த பிறகுதான் தூக்கிட்டு வந்தாங்க. இப்போ தும்மல் வந்தாலே வர்றாங்க. வந்தாத்தானே எனக்கு வேலை? ரேட்டை எழுதினா மறுபடியும் காலால எத்திப் பாத்துட்டுப் போயிருவாங்க.”

“மாமனார் தாங்குவாரா இதுக்கு?”

சித்தப்பா கேட்டது சரியான கேள்வி. ஓயாமல் ஓடி ஓடி, கம்ப்ரசர் கொதித்துக்கொண்டிருந்தது. காசு வாங்காமல் விட்டால் அது சீக்கிரம் படுத்துவிடும். வாங்கினால் கூட்டம் போய்விடும். எப்படிப் போனாலும் கடைசியில் வலைத்தொப்பிதான் என்று தோன்றியது. அன்று சித்தி சரியாகச் சாப்பிடவில்லை.

அவர் முடிவு செய்வதற்குள் மாமனாரே முடிவு செய்துவிட்டார். நல்ல மழை நாள் ஒன்றில் நடுவில் ஒரு பெரிய இருமல், அப்புறம் புகை, அப்புறம் ஒன்றுமில்லை. வாசலில் வண்டிகள் நனைந்துகொண்டு நின்றன. சித்தி கொட்டகை வாசலில் நின்று, இடுப்பளவு மதிலுக்கு அந்தப் பக்கம் பார்த்தார். சிவப்பு இயந்திரம் மழையில் தனியாக நின்றது. அதன் முகத்தில் ஒரு பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

தலையில் ஒரு பாலித்தீன் பையைக் கவிழ்த்துக்கொண்டு மேனேஜரின் அறைக்குப் போனார். சாப்பாடு கொண்டுவந்திருந்த நானும் உடன் போனேன்.

“சார், அந்தச் சட்டம் எனக்குக் கிடையாதாமே. நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?”

மேனேஜர் நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டார். “உங்களுக்குத் தெரியாதா? எங்கள ஒழிக்கணும்னு நீங்க சும்மா போடறீங்கன்னு நான் நெனச்சேன்!”

“ஒழிக்கவா? அபராதம் போட்ருவாங்கன்னு நானே உயிரக் கையில பிடிச்சிக்கிட்டு இருந்தேன்.”

“அதான் நான் டீ வெக்கல.”

“அதானா! நான் என்னமோ சட்டத்து மேல இருந்த கோவத்த என் மேல காட்டறீங்களோன்னு நெனச்சேன்.”

மேனேஜர் மறுபடி உட்கார்ந்தார். பிறகு தன் கஷ்டத்தைச் சொன்னார். புகார்மேல் புகார் வருகிறது. குழாய் எட்டவில்லை என்று ஒருவர், எண் அழுத்தத் தெரியவில்லை என்று ஒருவர். சோதனைக்கு வந்த அதிகாரி, அடுத்த முறையும் இப்படியே இருந்தால் சும்மா விடமாட்டேன் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அங்கே ஓர் ஆளைப் போட முதலாளி சம்மதிக்கவில்லை.

“ஆள் நான் நிக்கறேன்” என்றார் சித்தி.

“நீங்களா?”

“மெஷின மூலையிலேருந்து எடுத்து என் கடைப்பக்கம் மதிலோரமா வைங்க. மதில்ல ஒரு வண்டி நுழையற அளவுக்கு இடிச்சு விடுங்க. காத்து உங்களுது, யார்கிட்டயும் காசு கிடையாது. குனியறது நானு. பஞ்சர்னு தெரிஞ்சா வண்டி என் பக்கம் வந்துரும். உங்களுக்குப் புகார் வராது, என் மாமனாருக்கும் ஓய்வு.”

“உங்க மாமனார் இன்னும் இருக்காரா?” என்று மேனேஜர் கேட்டார். நான் சிரிப்பை அடக்க வெளியே வந்துவிட்டேன்.

முதலாளி உடனே ஒத்துக்கொள்ளவில்லை. மதிலை இடிப்பதா என்று இழுத்தடித்தார். அந்த நாட்களில் சித்தி கடையைத் திறந்து வைத்து, வருகிறவர்களையெல்லாம் அந்தப் பக்கம் அழைத்துப்போய், ஹாரன் சத்தத்துக்கும் திட்டுக்கும் நடுவில் சிவப்பு இயந்திரத்திலேயே காற்றடித்துக் கொடுத்தார். புகார்கள் குறைந்தன. அதைப் பார்த்த பிறகுதான் முதலாளி கொத்தனாரை அனுப்பினார். இடித்த செங்கல்லைச் சித்தி கேட்டு வாங்கி, வருகிறவர்கள் உட்கார அடுக்கி வைத்தார். பழைய ‘பழுது’ பலகையையும் கேட்டு வாங்கினார். அது இப்போது தண்ணீர்த் தொட்டிக்கு மூடி.

மழை ஓய்ந்தது. சொன்னபடியே மறுநாள் அத்தை தன் ஸ்கூட்டரில் வந்தார். செங்கல் அடுக்குக்குப் பக்கத்தில் நிறுத்தி, ஹெல்மெட்டைக் கழற்றாமலேயே மதிலில் விழுந்திருந்த திறப்பைப் பார்த்தார். அந்தப் பக்கத்திலிருந்து ஒரு கார் உறுமிக்கொண்டு உள்ளே வர, சித்தி கையைக் காட்டி நிறுத்தினார்.

“இது என்ன கூத்து?”

“அண்ணி, உங்க பின் சக்கரம் எறங்கியிருக்கு. கொண்டாங்க.”

“நான் பதில் கேக்க வந்தேன். சக்கரத்தக் காட்ட வரல.”

“ரெண்டும் சொல்றேன், கொண்டாங்க.”

சித்தி குழாயை மாட்டினார். எண் ஏறியது, நின்றது. ஒரு கை தண்ணீரை டயரில் தெளித்து மெல்லச் சுழற்றினார். ஓரிடத்தில் நுரை கட்டியது. நகக்கண்ணால் தடவி, தலை தேய்ந்த சின்ன ஆணி ஒன்றைக் காட்டினார்.

“எத்தன நாளா இதோட ஓட்டறீங்க?”

அத்தை குனிந்து ஆணியைப் பார்த்தார். ஹெல்மெட்டைக் கழற்றினார். “ஃபேக்டரிக்குத் தினம் இதுலதான் போய்ட்டு வர்றேன்” என்றார் மெதுவாக.

“அந்த இடத்த வேற யாருக்காவது குடுத்துருங்க அண்ணி. தேறிட்டேன்.”

அத்தை செங்கல் அடுக்கின்மேல் கைக்குட்டையை விரித்து உட்கார்ந்தார். சித்தி சக்கரத்தைக் கழற்றும்வரை அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, “எனக்கும் காசு உண்டா?” என்று கேட்டார்.

“காத்துக்குக் கிடையாது. பஞ்சருக்கு உண்டு.”

“நாத்தனாருக்குமா?”

“மாமனாருக்கு வைத்தியம் பாக்கணும்ல அண்ணி” என்றார் சித்தி, துணி போர்த்தி மூலையில் கிடந்த கம்ப்ரசரைத் தாடையால் காட்டி.

அத்தை கைப்பையைத் திறந்தார். மதில் திறப்பில் பால்வண்டி வந்து நின்று, “காத்தக்கா!” என்று குரல் கொடுத்தது.